குறைந்தபட்சம் எட்டு

இரண்டு பத்துக்குக் கலாமணி எண்டரைத் தட்டினாள். இனி முக்கால் மணி நேரத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மேஜைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் மூச்சிரைக்க ஆரம்பித்தது, திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஏறி மேலே போய் மறைந்தன, சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவளைப் போல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதால் எதுவும் சீக்கிரம் வேகாது. இன்று வெள்ளிக்கிழமை. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சேர்த்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான் ஹென்ரிக். கர்னலில் எதைச் சேர்ப்பதென்று முடிவு செய்கிறவர்களில் ஒருவன், எந்த ஊர்க்காரனோ, முகம் தெரியாது, பதினோரு வருடமாக அவன் மடல்களைப் படிக்கிறாள், ஒரு தடவைகூட அவன் ஒரு சொல்லை வீணாக்கிப் பார்த்ததில்லை. கர்னலை உருவாக்கும் கம்பைலர் இனிமேல் குறைந்தபட்சம் எட்டாம் பதிப்பாக இருக்க வேண்டும், ஐந்தை விட்டுவிடுகிறோம். அவ்வளவுதான். அவனுக்கு அது வீட்டைப் பெருக்குகிற வேலை. கர்னல் என்பது எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடந்து இயந்திரத்தை நடத்துகிற நிரல், உலகமெல்லாம் உட்கார்ந்து ஆயிரம் பேர் சேர்ந்து எழுதுவது. மனிதர் எழுதியதைச் சில்லுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். பழைய கம்பைலருக்காக எத்தனை நாள்தான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பது, கேட்பது நியாயம்தானே என்று யாரும் சொல்வார்கள். நியாயம்தான். நியாயம் கேட்டு வருகிறவன் எவனுக்கும் கோயமுத்தூர் கணபதியில், லேத் பட்டறைக்கு மேல் மாடியில், ஐந்தாம் பதிப்பை மட்டும் நம்பிக்கொண்டு ஒரு கம்பெனி இருப்பது தெரியாது. அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காதவர்களெல்லாம் சம்மதித்தவர்கள் என்று கணக்கு. மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பெண்ணைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று நான்கு நாளாக வலித்தது. நாக்கு அங்கேயே போனது. போகாதே என்றால் முன்னைவிட வேகமாகப் போனது. மடல் எழுதி வைத்தாயிற்று, ஒன்பது தடவை திருத்தியாயிற்று. நாங்கள் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வார்மர் செய்கிறோம். அரசு மருத்துவமனைகளில் எங்களுடையது ஆயிரத்து நானூறு ஓடுகிறது. சில்லைச் செய்த கம்பெனி மூடி ஒன்பது வருடம் ஆகிறது, அவர்கள் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போன கம்பைலர் ஐந்தாம் பதிப்பு, அதில் உருவாக்கிய பில்டில் இந்தப் பதினோரு வருடத்தில் இயந்திரம் ஒரு தடவைகூட நின்றதில்லை. எட்டில் போட்டால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை காரணமில்லாமல் கூவிக்கொண்டு நின்றுபோகிறது. எங்களுக்கு இரண்டு வருடம் அவகாசம் கொடுங்கள். குழந்தைகளின் உயிர் இதில் இருக்கிறது. கடைசி வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை எடுத்து, நஞ்சப்பன் சொன்னதால் நான்காவது முறை போட்டிருந்தாள். நஞ்சப்பன் முதலாளி. காலையில் வாசலிலேயே நிறுத்தி, 'நாலு மணிக்குள்ள அனுப்பீரு அம்மணி, உயிரு கியிருன்னு போட்டாத்தான் வெள்ளக்காரனுக்கு ஒறைக்கும்' என்றார். புதிய கர்னல் ஏற்றாத இயந்திரம் அடுத்த வருடம் முதல் வார்டில் இருக்கக் கூடாது என்று வாங்குகிறவர்களின் விதி வந்துவிட்டது. ஐந்து போய்விட்டால் புதிய கர்னல் இல்லை. எட்டில் போட்டால் இயந்திரம் நிற்கிறது. இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி. இருபத்தாறு பேருக்குச் சம்பளம் போடுகிற கம்பெனி, அதில் ஒருத்தியால் மட்டும்தான் இதைச் சரிசெய்ய முடியும், அந்த ஒருத்தி ஆறு வாரமாகத் தேடி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது ஓடுகிற பில்டு அத்தாட்சிக்காக. இன்று வந்த கர்னல்கூட ஐந்தில் ஒழுங்காக உருவாகிறது பார் என்று மடலோடு சேர்த்து அனுப்ப. உருவாகும். அந்தக் கம்ப்யூட்டர் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவே கூடாதென்று சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறது. கையெழுத்து அவளுடையது.

திரையில் ஒரு கணம் அவள் கோப்பின் பெயர் வந்து போனது. வார்மரின் சென்சாரைப் படிக்கிற நிரல். எத்தனை ஆயிரம் பெயர் ஓடினாலும் அது மட்டும் கண்ணில் படும், கூட்டத்தில் நம் பிள்ளையின் சட்டை தெரிகிற மாதிரி. கர்னலுக்குள் அவளுடையது என்று இருக்கிற ஒரே கோப்பு, முன்னூற்றுச் சொச்சம் வரி. அதைச் சேர்த்துக்கொண்ட அன்று வீட்டுக்குப் போய் மருதாசலத்திடம் காட்டினாள். கணவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, 'இதுக்கு ஏதாச்சும் தருவாங்களா?' என்றார். தரமாட்டார்கள், பெயரைப் போடுவார்கள். அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. ஒரு வரியைத் திருத்தினாலும் அடியில் பெயர்கள் வரும், எழுதியவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார், ஓட்டிப் பார்த்தவர் இன்னார், பிழையை முதலில் தெரிவித்தவர் இன்னார். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவது போலத்தான், என்ன, இங்கே எழுத்து வெளிச்சத்தை மறைப்பதில்லை. ஒருதடவை ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. கலாமணிக்கு நிரலைவிட அந்த அடிவரிகளைப் படிப்பதில் ஆசை. பிழையைத் தெரிவித்தவர் என்ற வரியில் சிலசமயம் யாரோ பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார், யாரோ கப்பல்காரன் இருப்பான், நிரலில் ஓர் எழுத்தும் எழுதத் தெரியாதவர்கள், எனக்கு இப்படி ஆயிற்று என்று சொன்னவர்கள், அவ்வளவுதான். அந்த மட்டில் மரியாதையான கூட்டம். சொன்னவர்களை மறப்பதில்லை. சொன்னவர்களை. நாக்கு பல்லுக்குப் போனது. மணி இரண்டு இருபத்தைந்து.

அந்த நர்ஸ் ஏன் இப்போது நினைவுக்கு வரவேண்டும். மூன்று வருடம் ஆயிற்று. சித்திரை மாதம், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் விசாரணை அறை, ஏசி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, மேஜைக்கு இந்தப் பக்கம் நான்கு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, அவள் நின்றாள். ஞானசெல்வி. தெற்கத்திப் பெண், ஒல்லி, முப்பது இருக்கும், ஒப்பந்த வேலை. வார்மரில் இருந்த ஆண் குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து வலிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டது என்பதைக் கலாமணி எத்தனையோ தடவை தனக்குச் சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. அன்று இயந்திரத்தின் பதிவைத் தாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, நிமிடத்துக்கு ஒரு வரி, வெப்பம் முப்பத்தாறரை, பிழை பூஜ்யம். வெப்பம் முப்பத்தாறரை, பிழை பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம். 'அலாரம் அடிக்கல மேடம், அடிச்சிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா' என்றாள் அந்தப் பெண். 'வயித்துல ஒட்டுத சென்சார் ஒயரு லூசா இருந்துச்சு மேடம்.' 'பிளக் சொருகித்தானே இருந்துச்சு?' என்று கலாமணி கேட்டாள். எவ்வளவு நிதானமாகக் கேட்டாள். 'சொருகித்தான் இருந்துச்சு.' 'சென்சார் வேலை செய்யலைன்னா மெஷின் கத்தும். கத்தலைன்னா சென்சார் சரியா இருந்திருக்குன்னு அர்த்தம்.' எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இயந்திரம் பொய் சொல்லாது, ராத்திரி டூட்டியில் மனுஷிதான் கண்ணசருவாள். இயந்திரத்தில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று காதில் விழுந்தது. அப்புறம் அவளிடமிருந்து போன் வந்தது. ஒரு தடவை எடுத்து, 'நான் பதிவுல இருந்ததைத்தாங்க சொன்னேன்' என்றாள். பிறகு எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை வந்திருக்கும். தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று அந்த எண்ணைச் சேமித்து வைத்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எடுக்க வேண்டாம்' என்று போட்டுச் சேமித்தாள்.

வலதுபக்க வார்மர் கூவியது. கலாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வாரமாக எதிர் மேஜையில் இரண்டு வார்மர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, இடது ஐந்தில் போட்ட பில்டு, வலது எட்டில் போட்டது. தண்ணீர் நிறைத்த ரப்பர் பைகளைக் குழந்தைக்குப் பதில் படுக்க வைத்துச் சென்சாரை ஒட்டியிருந்தார்கள். இடது சமர்த்து. வலது சனியன். எழுந்து போய் அணைத்து, திரும்பப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேஜை விசிறி இடமிருந்து வலம் போய்த் திரும்பி வந்தது, தாள்கள் படபடத்தன, கண்ணாடித் தம்ளரை எடுத்து அவற்றின்மேல் வைத்தாள். திரையில் பெயர்கள் ஓடின. இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் வலது சமர்த்தாக இருந்தது, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒரு தடவைகூடக் கூவவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்து நஞ்சப்பனுக்குப் போன் போட்டு, மூன்று மணிக்கு மறுபடி கூவியதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். செவ்வாய்க்கிழமை என்ன விசேஷம். ஒன்றுமில்லை. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை, வார்மர்கள் பேட்டரியில் ஓடின, புழுக்கம் தாங்காமல் எல்லோரும் மொட்டைமாடிப் படியில் போய் உட்கார்ந்தார்கள். புழுக்கம். விசிறி இல்லை. வலது கூவியது. விசிறி அப்போதுதான் வலது கோடிக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்திருந்தது. கலாமணி எழுந்திருக்கவில்லை. நாக்கு பல்லை விட்டது. விசிறியின் காற்றில் வலது வார்மரின் சென்சார் ஒயர் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆடுவதை ஆறு வாரமாகப் பார்க்கிறாள். இடது வார்மரின் ஒயரும் ஆடியது. இரண்டும் பழைய ஒயர்கள், சோதனைக்கு இது போதும் என்று அவளேதான் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாள்.

விசிறியை நிறுத்தினாள். வலது வார்மரை ஓடவிட்டு, பிளக்கைத் தொடாமல், அதற்கு நான்கு விரற்கடை தள்ளி ஒயரைப் பிடித்து மெதுவாக வளைத்தாள். கூவியது. நிறுத்திவிட்டுப் போட்டு மறுபடி வளைத்தாள். கூவியது. அப்படியென்றால் அது காரணமில்லாமல் கூவவில்லை, உள்ளே கம்பி விட்டுப்போய்ச் சென்சார் பேசாமல் போகிற ஒவ்வொரு தடவையும், ஐயோ எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கூவியிருக்கிறது, அதைத்தானே அது செய்ய வேண்டும், அதற்காகத்தானே அது. அப்படியென்றால் இடது. இடதின் அருகில் போவதற்கு இரண்டடிதான். அதன் ஒயரும் அதே பெட்டியில் கிடந்த ஒயர், அதே காற்று, ஆறு வாரமாக ஒரு சத்தமில்லை. பதினோரு வருடமாக ஒரு சத்தமில்லை என்று மடலில் எழுதியிருக்கிறாள், பெருமையாக. போய் நின்றாள். ஒயரைப் பிடித்து வளைத்து அப்படியே வைத்துக்கொண்டாள். முப்பத்தாறரை. பச்சை. பத்து, இருபது என்று எண்ணினாள். மறு கையால் ரப்பர் பைக்கு உடல்சூடு வரட்டும் என்று அடியில் வைத்திருந்த வெந்நீர்ப் புட்டியை எடுத்துச் சென்சாரின் மேலேயே வைத்தாள். முப்பத்தாறரை. உள்ளங்கையை ஹீட்டருக்குக் கீழே நீட்டினாள், சூடு இறங்கிக்கொண்டேயிருந்தது, கை தாங்கவில்லை, எடுக்கவும் தோன்றவில்லை. பிழை பூஜ்யம். ஒயரு லூசா இருந்துச்சு மேடம். பிளக் சொருகித்தானே இருந்துச்சு. பிளக்கைப் பிடுங்கினால் கத்தும், அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது, சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் பிளக்கைத்தான் பிடுங்கிப் பார்த்தார்கள், அவளும் அதையேதான் பிடுங்கிக் காட்டினாள், ஒயரை யாரும் வளைத்துப் பார்க்கவில்லை. ஒயர் லூஸ் என்று கண்டு சொன்னவள் ஒருத்திதான், அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

கோப்பைத் திறந்தாள். எங்கே என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டியதில்லை, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. பிழை என்று ஒரு பெட்டியை உண்டாக்கியிருக்கிறாள், அதில் முதலில் எதையும் போட்டு வைக்கவில்லை. சென்சார் பதில் சொன்னால் அது நிரம்பும். சொல்லாவிட்டால், முன்னால் சமைத்தவள் கழுவாமல் வைத்துப் போன பாத்திரம் மாதிரி, உள்ளே என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான். ஐந்தாம் பதிப்பு அடுக்கி வைக்கிற விதத்தில் அங்கே எப்போதும் பூஜ்யம் கிடந்தது. பூஜ்யம் என்றால் குறையில்லை, இயந்திரம் கடைசியாகப் படித்த வெப்பத்தையே நம்பிச் சூடேற்றிக்கொண்டிருக்கும். எட்டாம் பதிப்பு வேறு மாதிரி அடுக்கியது, வேறு எதுவோ கிடந்தது, அதனால் கத்தியது. தப்பு எட்டில் இல்லை, ஐந்திலும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவள் ஒருபடி மேலே போய்க் கூடத்தை இடிக்கக் கூடாதென்று உலகத்துக்கே மனுப் போட இருந்தாள். குழந்தைகளின் உயிர் இதில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு. இந்த நிமிடம் எந்த வார்டில் எந்த ஒயர் வளைகிறது. குழந்தையைத் துடைக்கும்போது வளையும், அம்மாக்காரி தொட்டுப் பார்க்கும்போது வளையும், பதினோரு வருடம், பதிவில் எல்லாம் பூஜ்யம், எத்தனை நர்ஸுகள், எத்தனை விசாரணை அறைகள், எத்தனை குழந்தைகள் பிழைக்காமல். நினைக்காதே. நினைக்காதே என்றால் முன்னைவிட வேகமாகப் போகிறது. கோப்பின் தலையில் அவள் பெயர், அழிக்க முடியாதது. மேஜைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டே அந்த வரியையும் சேர்த்து மறுபடி ஒருமுறை ஒழுங்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. காலால் அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. அதன் மேல் என்ன தப்பு. குங்குமம் வைத்தது அவள், பூஜ்யத்தை நம்பினது அவள்.

மூன்று மணிக்கு நஞ்சப்பன் டீத் தம்ளரோடு வந்தார். 'ஏனம்மணி, அனுப்பியாச்சா?' கலாமணி அவருடைய கையைப் பிடித்து, அவர் கையாலேயே இடது ஒயரை வளைக்க வைத்தாள், மற்றக் கையைத் தம்ளரோடு ஹீட்டரின் கீழ் பிடித்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் அவரைத் தொட்டதில்லை. மனிதர் முட்டாள் இல்லை. திரையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், டீத் தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வார்மர் மேலேயே வைத்தார். 'எத்தனை நாளா இப்படி?' 'மொதல்ல இருந்தேங்க சார். நான் எழுதுன வரிங்க.' நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார், 'எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே போன் போட்டு, மெஷினை நிறுத்தி வெக்கச் சொல்லீர்றேன். ஒயரு மாத்தறோம், வருசாந்தர சர்வீசுன்னு சொல்லிக்கறேன். திங்கக்கெழமையிருந்து ஆளனுப்பி, நீ சரிபண்ணி எட்டுல போட்ட பில்டை ஏத்தீரலாம். குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகாது.' 'ஆகாதுங்க.' 'அந்த வரியையும் சத்தமில்லாம மாத்தீரு. சின்ன ஒழுங்குபடுத்தல்னு போட்டா ஆரு கேக்கப் போறா? பழசைக் கிண்டுனா இருவத்தாறு குடும்பம் தெருவுக்கு வந்துரும் அம்மணி, நான் சொல்றதக் கேளு.' அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. எல்லாம் இதில் சரியாகிவிடும். குழந்தைகள் தப்பித்துவிடும், கம்பெனி தப்பித்துவிடும், எட்டாம் பதிப்புக்கும் வழி பிறந்துவிடும், அவள் பெயரும் கெடாது. அந்த ஒருத்தி மட்டும் மிச்சம். 'அந்த நர்ஸ் பொண்ணுங்க சார்,' என்றாள். நஞ்சப்பன் டீயை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். 'அது முடிஞ்சு போச்சு.' எழுந்து தம் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் அவர் குரல் கேட்டது, ஏனுங்க, வார்மர் கம்பெனியிருந்து பேசறேனுங்க, ஒரு சின்ன சர்வீசுங்க, இப்பவே நிறுத்தி வெச்சுருங்க, இல்லீங்க இப்பவே.

பில்டு முடிந்துவிட்டிருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது என்று திரை சொன்னது. ஆட்சேப மடலை மொத்தமாக அழித்துவிட்டு, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும் எழுதி ஹென்ரிக்குக்கு அனுப்பினாள். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் திருத்தினாள். அரை நிமிட வேலை. பெட்டியில் முதலிலேயே 'பிழை உண்டு' என்று போட்டு வைப்பது, சென்சார் பதில் சொன்னால்தான் அதை எடுப்பது. பேசாதவனைச் சரி என்று வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான், இதற்குப் பதினோரு வருடம். மேலே விளக்கம் எழுத வேண்டும். சின்ன ஒழுங்குபடுத்தல் என்று அடித்தாள். அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்தாள். சென்சார் ஒயர் உள்ளே விட்டுப்போனால் இயந்திரம் அதை அறியாமல் சூடேற்றிக்கொண்டேயிருக்கும், இதனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது, தவறு என்னுடையது என்று அடித்தாள். இருபத்தாறு குடும்பம். அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை, மேலே எழுதவும் இல்லை. அடியில் 'எழுதியவர், கலாமணி' என்று போட்டாள். பிழையைத் தெரிவித்தவர் என்ற வரியில் குறி மின்னி மின்னி நின்றது. தனியாக வந்து சொன்னவரின் பெயரை அவரைக் கேட்காமல் போடக் கூடாது, அதுவும் அந்தக் கூட்டத்தின் வழக்கம். கேட்காமலே போட்டுவிடலாமே, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஓர் எண்ணம் வந்தது, வந்த வேகத்திலேயே அதன் மூஞ்சி அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுத்தாள். 'எடுக்க வேண்டாம்' என்பதைத் தேடி அழுத்தினாள். ஞானசெல்வி எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். நான்காவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

"நான் கலாமணிங்க. கோயமுத்தூர், வார்மர் கம்பெனி."

அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. "ஒரு நிமிசம்," என்றாள் ஞானசெல்வி. பிறகு வேறு யாரிடமோ, "இருபத்தி மூணு, உள்ள போங்க. ஃபைலக் கையோட கொண்டு போங்க." பிறகு, "சொல்லுங்க மேடம். ஸ்கேன் சென்டர்ல டோக்கன் போடுதேன், வெரசா சொல்லுங்க."

கலாமணி என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் போய்விட்டது. "அலாரம் அடிக்கலீங்க," என்றாள்.

"அத நான்தான மேடம் சொன்னேன். நீங்க என்ன எங்கிட்டச் சொல்லுதீங்க."

"நீங்க சொன்னது சரிங்க. பிளக் சொருகியிருந்து, ஒயரு உள்ள விட்டுப்போனா அது அடிக்காது. தப்பு நான் எழுதுனதுல. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"இன்னைக்கு," என்றாள் ஞானசெல்வி. கலாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. "அதைத் திருத்தறேங்க. திருத்தும்போது, இந்தத் தப்பை மொதல்ல சொன்னது யாருன்னு பேர் போடறது வழக்கம். உங்க பேரைப் போடலாமான்னு கேக்கத்தாங்க."

"அத யாரு மேடம் படிப்பா?"

"உலகத்துல யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"எங்க ஆஸ்பத்திரி ஆபீஸ்ல?"

"அவங்களுக்குத் தனியா எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். நாளைக்கே."

"போன தடவையும் கையெழுத்துப் போட்டீங்க," என்றாள் ஞானசெல்வி. கோபமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துவது போலச் சொன்னாள். "இருபத்தி நாலு," என்று அந்தப் பக்கம் கூப்பிட்டாள். "இருபத்தி நாலு யாரு? வாங்க." பிறகு குரலைத் தணித்து, "நீங்க சொன்னது, அந்தப் பேரு போடுதது. பொறவு அழிச்சிருவாங்களா?"

"முடியாதுங்க. யாராலும் அழிக்க முடியாது. நானே நெனைச்சாலும் முடியாது."

சுவருக்கு அப்பால் நஞ்சப்பன் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தார். விசிறி நின்றபடியே இருந்தது. வலது வார்மர் எதற்கோ கூவியது, கலாமணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய் அதை அணைத்தாள். ஞானசெல்விக்கு அது கேட்டிருக்க வேண்டும், அவள் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"அப்பம், டி. ஞானசெல்வி, ஸ்டாஃப் நர்ஸுன்னு போடுங்க."

அந்த வரியில் பெயர் மட்டும்தான் வரும். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட அங்கே வெறும் பெயர்தான், இது எதற்கு என்று நாளைக்கே எவனாவது கேட்பான். கலாமணி அவள் சொன்னபடியே அடித்தாள்.